வெந்தயம் போட்டால் மாவு அதிகம் பொங்குமா? – அறிவியல் கேள்வி பதில்

அறிவியல் முறை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

பள்ளியில் ‘கவனித்தல், கேள்வி, கருதுகோள், சோதனை, முடிவு’ என்று வரிசையாக மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நிஜ விஞ்ஞானிகளும் இதே வரிசையிலா வேலை செய்கிறார்கள்?
*– மாணவி, மணப்பாறை*

அந்த ஐந்து வேலைகளும் நிஜம். வரிசை மட்டும் பரீட்சைக்கானது. ஆய்வுக்கூடத்தில் நான்காவதிலிருந்து இரண்டாவதுக்குத் திரும்புவார்கள். முதலாவதே பாதி வழியில்தான் வந்து சேரும்.

சி.வி. ராமனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கண்ணை உறுத்தியது. வானத்தின் நீலம்தான் நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கிறது, கடலுக்கென்று தனி நீலம் இல்லை என்று பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். அது சரியென்றால், தெறித்து வரும் ஒளியை வடிகட்டிவிட்டால் நீலமும் போய்விட வேண்டும். செங்குத்திலிருந்து சுமார் 53 பாகை சாய்வில் நீரைப் பார்த்தால், தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் மட்டும் அதிரும். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் நிக்கோல் பட்டகத்தைத் தகுந்தபடி திருப்பினால் அதை அணைத்துவிடலாம். ராமன் அணைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, முன்னைவிட அடர்த்தியாகத் தெரிந்தது. ராலேயின் விளக்கம் அந்த இடத்திலேயே அடிபட்டது. கையடக்கக் கருவி ஒன்று போதுமானதாக இருந்தது.

ஆனால் ‘முடிவு’ என்ற கட்டம் அங்கே வந்துவிடவில்லை. கல்கத்தா திரும்பி, திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று அளக்கத் தொடங்கினார்கள். 1923-ல் ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன், நீரில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கலான கூறைக் கண்டார். தண்ணீரில் ஏதோ அழுக்கு ஒளிர்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். திரும்பத் திரும்ப வாலை வடித்துப் பார்த்தும் அது போகவில்லை. 1928-ல் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் அறுபது வரையிலான திரவங்களில் அதைத் தேடினார்கள். எல்லாவற்றிலும் இருந்தது. அழுக்கு என்றால் அத்தனை திரவங்களிலும் ஒரே மாதிரி எப்படி இருக்கும்? பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானியில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி) தெரிந்ததைத்தான் ராமன் விளைவு என்கிறோம். கேள்வி, கருதுகோள், சோதனை எல்லாம் இந்த ஏழு ஆண்டுகளில் பலமுறை வந்து போயின. மாறாமல் நின்றது ஒரு கேள்வி: நான் நினைப்பது தவறாக இருந்தால், அது என் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

கருதுகோள் என்றால் ஊகம்தானே? அதை எப்படி எழுதுவது?
*– ஆசிரியப் பயிற்சி மாணவர், திண்டிவனம்*

ஊகம்தான், ஆனால் தோற்கக்கூடிய ஊகம். ‘வெந்தயம் மாவுக்கு நல்லது’ என்று எழுதினால் அது தோற்கவே முடியாது. மாவு பொங்காவிட்டால் ‘ருசி கூடியது’ என்று சொல்லிக்கொள்ளலாம், ருசியும் இல்லையென்றால் ‘உடம்புக்கு நல்லது’ என்று நகர்ந்துவிடலாம். இப்படி எழுதுங்கள்: ‘ஒரே மாவில் வெந்தயம் சேர்த்த பங்கு, சேர்க்காத பங்கைவிட 12 மணி நேரத்துக்குள் அதிக உயரம் பொங்கும்.’ எதை மாற்றுகிறீர்கள், எதை அளக்கிறீர்கள், எந்தப் பக்கம் எதிர்பார்க்கிறீர்கள், எவ்வளவு நேரத்துக்குள் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. நான்கில் ஒன்று விடுபட்டாலும் பின்னால் நழுவ இடம் கிடைத்துவிடும்.

அந்த வெந்தயச் சோதனையையே வீட்டில் செய்ய முடியுமா? அளவோடு சொல்லுங்கள். நான் ஒருமுறை போட்டும் ஒருமுறை போடாமலும் அரைத்துப் பார்த்தேன், போட்ட நாளில் நன்றாகப் பொங்கியது.
*– குடும்பத் தலைவி, தேனி*

முதலில் உங்கள் சோதனையைப் பார்ப்போம். இரண்டு நாள் என்றால் இரண்டு வெயில், இரண்டு ஊறல், கிரைண்டரில் இரண்டு விதமாக ஊற்றிய தண்ணீர். போட்ட நாளில் பொங்கியதற்கு வெந்தயமும் காரணமாக இருக்கலாம், அன்று சமையலறை இரண்டு டிகிரி சூடாக இருந்ததும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே மாவிலிருந்து தொடங்க வேண்டும்.

இட்லி அரிசி 400 கிராம், முழு உளுந்து 100 கிராம், தனித்தனியாக ஊற வைத்து வழக்கம்போல் அரையுங்கள். வெந்தயத்தை இதில் சேர்க்க வேண்டாம். உப்பு 10 கிராம், மொத்த மாவிலும் ஒரே தடவையில் போட்டுக் கலக்குங்கள். டம்ளருக்கு டம்ளர் சிட்டிகை போட்டால் உப்பே ஆறு விதமாகிவிடும். உப்பின் அளவு நொதித்தலின் வேகத்தை மாற்றும்.

வெந்தயம் 5 கிராம் ஊற வைத்து மிக்சியில் மையாக அரைத்து, தண்ணீர் சேர்த்து மொத்தம் 150 கிராம் ஆக்குங்கள். பக்கவாட்டுச் சுவர் நேராக உள்ள 500 மி.லி. கண்ணாடி டம்ளர்கள் ஆறு வேண்டும். மேலே அகலும் டம்ளர் என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரம் அடியில் ஒரு கொள்ளளவு, மேலே இன்னொரு கொள்ளளவு ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் 150 கிராம் மாவு. கரண்டிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் எடை போடுங்கள். காற்று அடைத்த மாவைக் கரண்டியால் அளந்தால் ஏமாற்றும். மூன்று டம்ளர்களில் வெந்தய விழுது 10 கிராம்.

மற்ற மூன்றில் ஒன்றும் சேர்க்காமல் விடலாமா? பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். விழுதோடு தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது. மற்ற மூன்றிலும் 10 கிராம் தண்ணீர் ஊற்றாவிட்டால், நீங்கள் ஒப்பிடுவது வெந்தயத்தையா, நீர்த்த மாவையா என்று தெரியாது. இந்த மூன்றும்தான் உங்கள் கட்டுப்பாட்டுக் குழு. தண்ணீர் டம்ளர்களை முதலில் கலக்குங்கள், வெந்தய டம்ளர்களைப் பிறகு. கரண்டியில் ஒட்டிய விழுது கட்டுப்பாட்டுக் குழுவுக்குள் போகக் கூடாது. எல்லாவற்றையும் 20 சுற்று கலக்குங்கள்.

ஆறையும் ஒரே தட்டில் வைத்து, யார் எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மூன்று வெந்தய டம்ளரும் அடுப்புப் பக்கம், மற்றவை ஜன்னல் பக்கம் என்று அமைந்துவிட்டால் வெந்தயத்துக்குக் கிடைத்த பெயர் அடுப்புக்குச் சேர வேண்டியது. தட்டருகே ஒரு வெப்பமானி இருக்கட்டும். காலையும் மாலையும் எழுதுங்கள். மூடியைத் தளர்த்தி வையுங்கள்.

இரவில் தொடங்காதீர்கள். அதிகாலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள், காரணம் இருக்கிறது. மாவு பொங்கி, உச்சத்துக்குப் போய், பிறகு அமுங்கும். ஒன்று சீக்கிரம் உச்சம் தொட்டு நீங்கள் பார்க்கும்போது அமுங்கிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கலாம். காலையில் எழுந்து ஒரே ஒரு தடவை பார்ப்பவருக்கு இரண்டாவதுதான் ஜெயித்ததாகத் தெரியும். நான்காம் மணியிலிருந்து பன்னிரண்டாம் மணி வரை மணிக்கொரு முறை ஸ்கேலால் அளந்து எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை. மேற்பரப்பு நடுவில் குவிந்திருக்கும், ஓரத்தில் தாழ்ந்திருக்கும். ஓரத்தை அளப்பதா நடுவையா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, கடைசி வரை அதையே அளங்கள். ஒப்பிடப்போவது எது என்பதையும் (ஒவ்வொரு டம்ளரும் எட்டிய உச்ச உயரம் என்று வைத்துக்கொள்வோம்) முதல் அளவுக்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். தட்டும்போதும் நகர்த்தும்போதும் வாயு வெளியேறும். டம்ளரைத் தூக்காமல் குனிந்து பாருங்கள்.

பொங்கவைப்பது பெரும்பாலும் லியூகோனாஸ்டாக் மெசன்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியா விடும் கரியமில வாயு. வெந்தயத்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைப்பதால் மாவு உயர்கிறதா, வாயுவே அதிகம் உண்டாகிறதா என்பது அடுத்த கேள்வி. உயரத்தை மட்டும் அளந்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. முதல் கேள்விக்கான விடையையும் இங்கே சொல்லப்போவதில்லை. சொல்லிவிட்டால் நீங்கள் டம்ளரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

அளப்பவருக்கு எது வெந்தய டம்ளர் என்று தெரியக் கூடாது என்கிறார்களே, நேர்மையானவர் அளந்தால் என்ன கெட்டுவிடும்?
*– வாசகர், நாகர்கோவில்*

நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற பள்ளி ஆசிரியரின் குதிரை ஹான்ஸ், கூட்டல் கழித்தல் கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1904-ல் ஒரு குழு வந்து பார்த்து, மோசடி எதுவும் இல்லை என்றது. அது உண்மைதான், ஓஸ்டன் ஏமாற்றவில்லை. அதன் பிறகு உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஒரு சின்ன மாற்றம் செய்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்வி கேட்க வைத்தார். கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபடியும் செய்தார். ஹான்ஸுக்குக் கணக்கு மறந்துபோனது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழையளவு அசையும், உடல் இறுக்கம் தளரும். குதிரை அதைப் பார்த்துத் தட்டலை நிறுத்தியிருக்கிறது. கேட்டவர்களுக்கே தாங்கள் அசைவது தெரியாது.

உங்கள் டம்ளரில் 8.3 சென்டிமீட்டரா 8.5-ஆ என்று கண் தயங்கும் இடம் வரும். எது வெந்தயம் என்று தெரிந்தால் தயக்கம் ஒரு பக்கமே தீரும். ஒருவர் டம்ளர்களைத் தயாரித்து 1 முதல் 6 வரை எண் ஒட்டி, எந்த எண் எது என்ற சீட்டை மடித்து வைத்துக்கொள்ளட்டும். வேறொருவர் அளக்கட்டும். வெந்தய வாசனையும் நிறமும் காட்டிக்கொடுக்கும் என்பது இந்தச் சோதனையில் உள்ள நிஜமான பலவீனம். பக்கவாட்டில் உயரம் மட்டும் தெரியும்படி ஒரு பிளவு விட்டு, வெள்ளைத்தாளைச் சுற்றினால் ஓரளவு சரியாகும்.

மூன்று வெந்தய டம்ளரும் மற்ற மூன்றைவிட உயர்ந்துவிட்டால் நிரூபணம் ஆகிவிட்டதா?
*– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், பட்டுக்கோட்டை*

வெந்தயத்துக்கு ஒரு விளைவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆறு டம்ளரும் உயரத்தில் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். ஆறில் ‘முதல் மூன்று இடம்’ எந்த மூன்றுக்குப் போகும் என்பதற்கு 20 வழிகள். அதில் ஒன்று, உங்கள் வெந்தய டம்ளர்கள் மூன்றும். அதாவது சும்மாவே 20-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அலட்சியம் செய்யும் அளவுக்கு அது சின்னதல்ல.

இதே கணக்கை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தேநீரில் போட்டார். கோப்பையில் பால் முதலில் ஊற்றியதா, தேநீர் முதலில் ஊற்றியதா என்று குடித்தே சொல்வேன் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பை, நான்கு அப்படி, நான்கு இப்படி, கலைத்து வைத்தது. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்பு. ஆறு கோப்பை வைத்திருந்தால் 20-ல் ஒன்றுதான். இரண்டு கோப்பை கூடியதும் அதிர்ஷ்டத்துக்கு இடம் எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள்.

அதனால் டம்ளரை எட்டாக்கிவிடலாம் என்று தோன்றும். அதைவிட நல்லது, இன்னொரு நாள் புதிய மாவில் முழுவதையும் திரும்பச் செய்வது. ஒரே மாவிலிருந்து எடுத்த எட்டு டம்ளர் அந்த மாவைப் பற்றித்தான் பேசும். அந்த உளுந்து பழையதாக இருந்திருக்கலாம். இரண்டு நாளும் மூன்றுக்கு மூன்று முன்னால் வந்தால், சும்மாவே அப்படி வர 400-ல் ஒரு வாய்ப்பு. கூடவே உங்கள் சொல்லுக்குக் கொஞ்சம் பரப்பும் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உச்ச உயரத்தில் வித்தியாசம் இல்லை என்றதும் ஆறாம் மணி உயரத்தைப் பார்ப்பது, அதிலும் இல்லையென்றால் எட்டாம் மணி, குமிழியின் அளவு, வாசனை என்று தேடிக்கொண்டே போவது. இருபது விஷயங்களைப் பார்த்தால் ஒன்றிலாவது ‘20-ல் ஒன்று’ தானாகவே வந்து நிற்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. எதை அளப்போம் என்று முன்பே எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

பாட்டி சொன்ன கஷாயத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்குச் சளி சரியானது. கண்ணால் கண்டதை அறிவியல் ஏன் ஒப்புக்கொள்வதில்லை?
*– வாசகி, காரைக்குடி*

சளி சரியானதை யாரும் மறுக்கவில்லை. சாதாரணச் சளி மருந்தில்லாமலே பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் போய்விடும். நாமும் அது உச்சத்தில் இருக்கும்போதுதான் கஷாயம் வைப்போம். அதன் பிறகு குறைவது தவிர வழியில்லை. கஷாயம் குடிக்காதவர்கள் அதே நாட்களில் எப்படி இருந்தார்கள் என்பது தெரியாமல் கஷாயத்தைப் பாராட்டவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

இந்த ஒப்பீட்டைத் தெளிவாகச் செய்து காட்டியவர், பிரிட்டிஷ் போர்க்கப்பல் சாலிஸ்பரியின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட். 1747 மே மாதம், ஸ்கர்வி (வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் நோய்) வந்த மாலுமிகள் பன்னிரண்டு பேரை ஒரே இடத்தில் படுக்க வைத்து, ஒரே சாப்பாடு கொடுத்தார். இரண்டிரண்டு பேராக ஆறு விதமான வைத்தியம். ஆப்பிள் சாராயம், நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல் தண்ணீர், பூண்டும் கடுகும் சேர்த்த ஓர் உருண்டை, கடைசியாக ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை. ஆறு நாளில் பழம் தீர்ந்துபோனது. அதற்குள்ளேயே பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தயாராகிவிட்டார், இன்னொருவர் மற்ற நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

இரண்டு பேர் மிகக் குறைவு என்பதை இன்று சொல்வோம். ஆனால் பெரிய சறுக்கல் பிறகு வந்தது. பழம் கெடாமலிருக்க சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்துக் கொடுக்கலாம் என்றார் லிண்ட். அப்படிச் செய்த சாற்றில் வைட்டமின் சி பெருமளவு அழிந்துவிடும். வைட்டமின் என்ற ஒன்றே அப்போது யாருக்கும் தெரியாது. புதுப் பழத்தைச் சோதித்துவிட்டு, சோதிக்காத சாற்றைப் பரிந்துரைத்திருக்கிறார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறைப்படி வழங்கத் தொடங்கியது 1795-ல்.

கஷாயத்தைச் சோதிக்க நினைத்தால், சளி தொடங்கிய அன்றே சீட்டுப் போட்டு ஆட்களைப் பிரிக்க வேண்டும், இரு தரப்பும் சூடாக ஏதோ ஒன்றைக் குடிக்க வேண்டும். வீட்டளவில் அது நடக்காது. மருத்துவ ஆய்வாக நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு செய்ய வேண்டியது.

டைனோசர் காலத்தையும் அதற்கு முன்னாலும் யார் போய்ப் பார்த்தது? சோதிக்க முடியாததை எப்படி அறிவியல் என்பது?
*– வாசகர், சேலம்*

நடந்ததைத் திரும்ப நடத்த முடியாது. ஆனால் இன்னும் தோண்டாத பாறையில் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். மீன்களிலிருந்து நான்குகால் விலங்குகள் வந்திருந்தால் இடைப்பட்ட உயிரி சுமார் 37.5 கோடி ஆண்டு பழைய பாறையில், அதுவும் ஆற்றுப் படிவுகளில் இருக்க வேண்டும் என்று கணித்து, தொல்லுயிரியலாளர் நீல் ஷூபின் குழுவினர் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் தேடினார்கள். பல கோடைகள் வெறுங்கையோடு திரும்பிய பின் 2004-ல் டிக்டாலிக் என்ற உயிரியின் புதைபடிவம் கிடைத்தது. செதிலும் துடுப்பும் மீனுடையவை. கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்பும் மீனுக்கு இல்லாதவை.

கணிப்பு பொய்த்தால் உடனே கோட்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?
*– கல்லூரி மாணவி, மதுரை*

வேண்டியதில்லை, எப்போது போடுவது என்பதற்குச் சூத்திரமும் இல்லை. யுரேனஸ் கோள் நியூட்டன் கணக்குப்படி போகாமல் விலகியது. நியூட்டனைக் கைவிடாமல், தெரியாத ஒரு கோள் இழுக்கிறது என்று கணக்குப் போட்டார் பிரான்சின் வானியலாளர் லெ வெரியே. அவர் கடிதத்தில் குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள், 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் யோஹான் காலே நெப்டியூனைக் கண்டார்.

அதே லெ வெரியே 1859-ல் புதனின் பாதையிலும் ஒரு விலகலைக் காட்டினார். இன்றைய கணக்கில் அது நூறாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு). சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்கிறது என்றார், அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கிராமத்து மருத்துவர் ஒருவர் பார்த்ததாகவும் சொன்னார். அதன்பின் பல சூரிய கிரகணங்களில் தேடினார்கள். அப்படி ஒரு கோள் இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் எந்தப் புதுக் கோளும் சேர்க்காமல் அந்த 43 விகலையைத் தந்தது. ஒரே ஆள், ஒரே உத்தி, ஒருமுறை கோள் கிடைத்தது, மறுமுறை கோட்பாடே மாறியது. இரண்டு தடவையும் ‘இந்த இடத்தில் பார்’ என்று சொன்னதால்தான் சரியா தவறா என்று தெரிய வந்தது.

அறிவியல் கண்காட்சிக்குச் செய்த சோதனையில் வித்தியாசமே வரவில்லை. அப்படியே வைக்கலாமா, தலைப்பை மாற்றிவிடலாமா?
*– மாணவர், பொள்ளாச்சி*

அப்படியே வையுங்கள், தலைப்பையும் கருதுகோளையும் தொடாதீர்கள். வித்தியாசம் வரவில்லை என்பதும் ஒரு விடை. ஆனால் ‘விளைவு இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘எங்கள் அளவீட்டில் இவ்வளவுக்கு மேல் விளைவு தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ஒரே வகை டம்ளர்களுக்குள்ளேயே 0.6 சென்டிமீட்டர் முன்பின் இருந்தால், 0.2 சென்டிமீட்டர் விளைவு உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. எனவே சராசரியை மட்டும் போடாமல் ஒவ்வொரு டம்ளரின் அளவையும் புள்ளியாக வரைபடத்தில் வையுங்கள்.

அசல் நோட்டையும் மேசையில் வையுங்கள். பேனாவால் எழுதியது, தேதியும் நேரமும் போட்டது, தவறான எண்ணை ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதியது. ஒயிட்னர் வேண்டாம். ஒரு டம்ளர் தட்டிவிடப்பட்டதால் நீக்கினீர்கள் என்றால், நீக்கிய அளவையும் காரணத்தையும் எழுதுங்கள். விவரம் தெரிந்த நடுவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.